எட்டுப் பிள்ளைகளின் தாய் பாடிய நத்தார்ப் பாட்டு

மன்னார் நகரில் எங்கள் வீட்டுக்கும் டீச்சரின் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பனைமட்டை வேலிதான். டீச்சர் கத்தோலிக்கர். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. உடுத்த உடுப்போடும் கையில் தூக்கக்கூடிய கொஞ்சச் சாமானோடும் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். புறப்படும் நேரத்தில் வாப்பா வீட்டுத் திறப்பையும் தன்னுடைய வானொலிப் பெட்டியையும் வேலிக்கு மேலால் டீச்சரிடம் நீட்டினார். இருபது வருடம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. ஆனால் திறப்பும் வானொலிப் பெட்டியும் டீச்சரின் அலுமாரியில் துணி சுற்றியபடி இருந்தன. திறக்கக் கதவில்லாத அந்தத் திறப்பை உம்மா இன்றும் வைத்திருக்கிறார்.

போன மார்கழியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்தேன். டீச்சர் வேலியடிக்குக் கூப்பிட்டுத் தன் கைத்தொலைபேசியில் ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார். முதலில் தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஓர் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. பாஷை ஜேர்மன், ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் மெட்டு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் புனித செபஸ்தியார் பேராலயத்தின் பக்கமிருந்து வாடைக் காற்றோடு எங்கள் ஒழுங்கைக்குள் வருகின்ற அதே மெட்டு. பாடசாலைகளின் ஒளிவிழாக்களில் பிள்ளைகள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பாடுவதும் அதைத்தான். தமிழில் கேட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஆறுதலாக, இவ்வளவு தாழ்ந்த குரலில் கேட்டதில்லை.

பாடியவர் யார் என்பதை டீச்சர் எனக்குச் சொன்னார். பிறகு நானே தேடி வாசித்தேன். வாசித்ததை எங்கள் கல்லூரி மலருக்கு எழுத வேண்டுமென்று தோன்றியது.

ஒரு பாட்டுக்காரியின் கதை நம் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு, அதுவும் நத்தார்ப் பாட்டுப் பாடியவரின் கதை எதற்கு என்று சில பெற்றோர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரில் குர்ஆனில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது என்பதும், பேரீச்சை மரத்தடியில் அவர்கள் தனியாகப் பட்ட பிரசவ வேதனை அதில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் நான் இதை எழுதுவது அதற்காகவும் அல்ல. எட்டுப் பிள்ளைகளை உழைத்து வளர்த்த ஒரு தாயின் கதை என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் பெயர் ஏர்னஸ்டீன் ஷூமன்-ஹைங்க். 1861 ஜூன் 15ஆம் திகதி, அப்போது ஒஸ்திரியப் பேரரசின் கீழிருந்த பொஹீமியாவில், பிராக் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த லீபென் என்ற ஊரில் பிறந்தார். பிறந்தபோது அவர் ஏர்னஸ்டீன் ரோஸ்லர். ஷூமனும் ஹைங்கும் பிற்காலத்தில் இரண்டு கணவர்மாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள். தகப்பன் ஒஸ்திரிய இராணுவத்தில் ஒரு சாதாரண அதிகாரி. இராணுவம் மாற்றல் கொடுத்த இடமெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று: வெரோனா, பிராக், கிராக்கோ, கடைசியில் கிராட்ஸ். சம்பளம் சிறிது, வாய்கள் பல. ஊருக்கு வந்த ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் குரங்குக் கூட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்து அதற்குப் பதிலாகச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டதைக்கூட அவர் முதிய வயதில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பிராக்கில் கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் படிக்கும்போதுதான் குரல் கவனிக்கப்பட்டது. கிராட்ஸ் நகரில் மரியெற்றா வொன் லெக்லேர் என்ற ஓய்வுபெற்ற பாடகி இந்தச் சிறுமியைப் பிடித்து வைத்துக் கற்றுக்கொடுத்தார். காசு கொடுத்துப் படிக்கும் நிலையில் வீடு இருக்கவில்லை. அந்த அம்மையார் காசு கேட்கவும் இல்லை. பதினைந்தாவது வயதில், 1876இல், கிராட்ஸில் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் பாடினார்.

இந்த இடத்தில் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கத்தேய சாஸ்திரிய இசையில் பெண் குரலை அதன் உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். உச்சத்தில் சஞ்சரிக்கும் குரல் சொப்ரானோ. ஆகத் தாழ்ந்து ஒலிப்பது கொன்ட்ரால்டோ. ஏர்னஸ்டீனின் குரல் இந்த இரண்டாவது வகை. அடியில் ஆண் குரலுக்குக் கிட்டப் போகும், தேவைப்பட்டால் சொப்ரானோவின் வாசல் வரையும் ஏறும். ஒப்பரா என்ற இசை நாடகத்தில் கதாநாயகி அநேகமாகச் சொப்ரானோவாகத்தான் இருப்பாள். காதலிப்பதும் மயங்கி விழுவதும் அவளுடைய வேலை. கொன்ட்ரால்டோவுக்குக் கிடைப்பது தாய், செவிலி, கிழவி, சூனியக்காரி. அழகு முதலில் பார்க்கப்படுகிற ஒரு தொழிலில், பருமனான உடம்பும் சாதாரண முகமும் கிழிந்த சப்பாத்துமாக இந்தப் பெண் நுழைந்தார்.

முதலில் கதவு திறக்கவில்லை. வியன்னாவின் அரச ஒப்பரா அரங்குக்குக் குரலைக் காட்டப் போனார். அங்கிருந்த பணிப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த முகத்தை வைத்துக்கொண்டு மேடைக்கு ஆசைப்படாமல் ஊருக்குப் போய் ஒரு தையல் மெஷின் வாங்கிப் பிழைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிட்டார். தையல் மெஷின் மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார் நம் கல்லூரிப் பெற்றோரில் எத்தனையோ பேர். புத்தளத்து முகாமில் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போட்டதும் உம்மாவின் மெஷின்தான். ஆகையால் அந்தப் பணிப்பாளர் அதை ஓர் அவமானமாகச் சொன்னது எனக்கு இரட்டிப்பாகக் கோபமூட்டியது. அது போகட்டும். பெண் பிள்ளை அழுதுகொண்டு ஊர் திரும்பினாள், ஆனால் பாட்டை விடவில்லை.

1878 ஒக்டோபர் 15ஆம் திகதி, டிரெஸ்டன் நகரத்து அரச ஒப்பரா அரங்கில் முதல் வேடம் கிடைத்தது. வயது பதினேழு. நாடகம் வெர்டியின் இல் துரோவத்தோரே, வேடம் அசுசேனா. இந்த அசுசேனா ஒரு நாடோடிக் கிழவி. பழி வாங்கும் வெறியில் எதிரியின் குழந்தையை நெருப்பில் போடுவதாக நினைத்துத் தன் சொந்தக் குழந்தையையே போட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பவள். இன்னும் தாயாகாத ஒரு பதினேழு வயதுப் பெண் முதன்முதலில் மேடையில் பாடியது பிள்ளையை இழந்த தாயின் பாட்டை.

1882இல் அந்த அரங்கின் செயலாளராக இருந்த ஏர்னஸ்ட் ஹைங்க் என்பவரைத் திருமணம் செய்தார். அரங்கின் ஒப்பந்தப்படி அனுமதி பெறாமல் திருமணம் செய்யக்கூடாது. இருவருக்கும் வேலை போயிற்று. பிறகு ஹம்பேர்க் நகரம். சிறு சம்பளத்துக்குச் சிறு வேடங்கள். ஒன்றின் பின் ஒன்றாகப் பிள்ளைகள்: ஆகஸ்ட், ஷார்லொட், ஹென்றி. நாலாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கணவன் கடனை வைத்துவிட்டுப் போய்விட்டான். கடன்காரர்கள் வந்து வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பட்டினி, குளிர், பச்சைக் குழந்தை. ஓர் இரவு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்தை நோக்கி நடந்திருக்கிறார். மகள் குளிரில் அழுது, வீட்டுக்குப் போவோம் என்று காலைக் கட்டிக்கொண்டாள். திரும்பி நடந்தார். இதைப் பின்னாளில் அவரே சொன்னார். இவ்வளவு பெயர் பெற்ற பிறகும் சொன்னதே பெரிய தைரியம் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய நல்ல காலம் இன்னொருவரின் கோபத்தால் தொடங்கியது. ஹம்பேர்க் அரங்கின் முதன்மைக் கொன்ட்ரால்டோ மரீ கோற்சே, பணிப்பாளர் பொல்லினியோடு சண்டை பிடித்துக்கொண்டு பாட மறுத்தார். அன்றிரவு கார்மென் நாடகம். ஒத்திகை பார்க்க நேரமில்லை. பாடம் தெரியுமா என்று ஷூமன்-ஹைங்கிடம் கேட்டார்கள். தெரியும் என்றார். வருடக்கணக்காக மேடையின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் பாடுவதைக் கேட்டு முழுவதையும் மனத்தில் பதித்து வைத்திருந்தார். ஒத்திகையே இல்லாமல் பாடினார். கோற்சே அடுத்தடுத்த நாடகங்களுக்கும் வராமல் விட, அவற்றையும் இவரே பாடினார். அதோடு பெரிய வேடங்கள் இவரிடம் வந்து சேர்ந்தன. பரீட்சை மண்டபத்துக்கு ஆயத்தமில்லாமல் போகும் நம் பிள்ளைகளிடம் இந்தக் கதையை நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பலன் எப்படியென்று பெறுபேறு வந்தபின் பார்ப்போம்.

1892இல் குஸ்தாவ் மாலரின் தலைமையில் லண்டனில் பாடினார். 1893இல் ஹைங்கிடமிருந்து விவாகரத்துப் பெற்று, நடிகரும் நாடக நெறியாளருமான போல் ஷூமனைத் திருமணம் செய்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய முதல் தாரத்து மகன் வோல்ட்டரையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் மேலும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. 1896இலிருந்து வாக்னரின் நாடகங்களுக்கென்றே கட்டப்பட்ட பைரொய்த் அரங்கில் நிரந்தரமாக அழைக்கப்படும் பாடகியானார்.

1898 நவம்பர் மாதம் சிக்காகோவில் முதன்முதலாக அமெரிக்க மேடையில் ஏறியபோது நிறைமாதக் கர்ப்பிணி. கொஞ்ச நாளில் நியூயோர்க்கில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயரையே, ஜோர்ஜ் வாஷிங்டன் என்று, பிள்ளைக்கு வைத்தார்கள். 1899 ஜனவரி 9ஆம் திகதி நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பராவில் பாடினார். பிரசவித்து முழுகி எழும்ப நாற்பது நாள் கணக்குப் பார்க்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. 1904இல் போல் ஷூமன் இறந்தார். மறு வருடம் தன் மேலாளரையே மூன்றாவதாகத் திருமணம் செய்தார். அதுவும் சில வருடங்களில் முறிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1908இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

அதே 1908இல்தான் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பனிக்காக அந்த நத்தார்ப் பாட்டை முதன்முதலில் பதிந்தார். கிராமபோனின் குழாய்க்கு முன்னால் குந்தியிருக்கும் நாயின் படம் நம் ஊர்ப் பழைய இசைத்தட்டுகளிலும் இருக்கும். அந்த நாயை அமெரிக்காவில் அடையாளமாக வைத்திருந்தது விக்டர் கம்பனிதான்.

பாட்டின் கதையும் எளிமையானது. ஒஸ்திரியாவில் ஜோசெப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816இல் எழுதிய கவிதை அது. 1818 டிசம்பர் 24ஆம் திகதி, ஒபேர்ண்டோர்ப் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில், பக்கத்து ஊர்ப் பாடசாலை ஆசிரியரான பிரான்ஸ் குரூபர் மெட்டுப் போட்டுக்கொடுத்தார். அன்றிரவே மோர் கிற்றார் வாசிக்க, இருவரும் அதைப் பாடினார்கள். நெப்போலியனின் யுத்தங்கள் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பஞ்சமும் வறுமையும் நிறைந்த காலம். பாட்டில் வருவது ஓர் அமைதியான இரவு, ஒரு தாய், உறங்குகின்ற ஒரு குழந்தை. அவ்வளவுதான். தாளமும் தொட்டிலின் ஆட்டந்தான். எங்கள் உம்மும்மா அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் சொல்லித் தம்பியை ஏணையில் ஆட்டிய ஆட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேடையில் பாடுவதற்கென்று எழுதப்பட்ட பாட்டு அல்ல அது. பெரிய பாடகிகள் அதைப் பாடும்போது பலமுறை பிழைத்துப் போவதும் அதனால்தான். தங்கள் குரலின் வித்தையைக் காட்டப் போய்க் குழந்தையை எழுப்பிவிடுவார்கள்.

1908இல் ஒலிப்பதிவு என்பது இன்று போல் அல்ல. மைக்கிரோபோன் பாவனைக்கு வரவில்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வு குழாய் வழியே போய் ஓர் ஊசியை அசைக்கும். ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். உச்சக் குரலில் பாடும் இடத்தில் பின்னுக்கு நகர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளிக் கோடு கெட்டுவிடும். தணிந்து பாடும் இடத்தில் குழாய்க்குள் தலையை விடுவது போலக் கிட்டப் போக வேண்டும். பிழை விட்டால் வெட்டி ஒட்ட முடியாது, மெழுகை எறிந்துவிட்டுத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து. பெரிய தட்டென்றாலும் ஒரு பக்கத்தில் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். மெல்லிய உச்சத் தொனிகளை அந்தக் குழாய் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் அந்தக் காலச் சொப்ரானோக்களின் குரல் பல தட்டுகளில் மெலிந்துபோய் ஒலிக்கும். ஷூமன்-ஹைங்கின் தாழ்ந்த குரல் ஓரளவு முழுதாக மெழுகில் இறங்கியது. நூறு வருடத்துக்கு மேலாகியும் டீச்சரின் கைத்தொலைபேசியில் அது மூச்சோடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்டை அவர் எப்படிப் பாடியிருக்கிறார் என்றால், அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வைக்கும் குரலை மடித்து வைத்துவிட்டுப் பாடியிருக்கிறார். 1909இல் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸின் எலெக்ட்ரா முதன்முதலாக டிரெஸ்டனில் அரங்கேறியபோது, அதில் அரசியாக நடித்தவர் இவர். இவருடைய குரல் இன்னமும் கேட்கிறது, வாத்தியக்காரர் இன்னும் பலமாக வாசிக்கட்டும் என்று ஒத்திகையில் ஸ்ட்ராவுஸ் கத்தினார் என்றொரு கதை உண்டு. அப்படிப்பட்ட குரல். நத்தார்ப் பாட்டில் அந்தப் பலத்தைக் காணவே முடியாது. சொல்லைச் சொல்லாக, ஆறுதலாக, பிள்ளை நித்திரையாகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துப் பாடுவது போல இருக்கிறது. அதுவரை ஏழு தொட்டில்களை ஆட்டிய ஒருவர் அல்லவா.

ஆறு வருடம் கழித்து, 1914இல், முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. அந்த வருட நத்தார் இரவில் பெல்ஜியத்துப் போர்முனையின் சில இடங்களில் ஜேர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழிக்குள்ளிருந்து இதே பாட்டைப் பாட, எதிரே இருந்த பிரித்தானியர் பதிலுக்குப் பாடி, இரு பக்கமும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து கை குலுக்கியது சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. அடுத்த நாட்களில் மறுபடி சுட்டுக்கொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

மூத்த மகன் ஆகஸ்ட் ஜேர்மனியில் இருந்தவர். அவர் ஜேர்மன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் சேர்ந்தார். 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. ஹென்றி, வோல்ட்டர், பேர்டினன்ட், கடைக்குட்டி ஜோர்ஜ் வாஷிங்டன் ஆகிய மற்ற மகன்மார் அமெரிக்கச் சீருடை அணிந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகள். ஒருவர் கடலுக்கடியில், மற்றவர்கள் அந்தக் கடலைக் கடந்து போகக் காத்திருக்கும் படைகளில். இன்னொரு மகன் ஹான்ஸ் யுத்த காலத்திலேயே நோயால் இறந்தார். அமெரிக்காவுக்கும் ஜேர்மனிக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்டு எழுத விலாசம் இருந்தது, வழி இருக்கவில்லை.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் இருந்தேன். டீச்சருக்கு இரண்டு மகன்மார். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சத்தமாகச் சொல்லாத விஷயம் அது. ஒருவர் ஓர் இயக்கத்துக்குப் போனார். மற்றவர் அதற்கு எதிரான இயக்கத்துக்குப் போனார். இருவரும் வரவில்லை. பாட்டைப் போட்டுக் காட்டியபோது டீச்சர் ஏர்னஸ்டீனின் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசினார்.

அமெரிக்காவில் அப்போது ஜேர்மன் பெயர் என்றாலே சந்தேகம். மெற்றோபொலிற்றன் அரங்கு ஜேர்மன் ஒப்பராக்களை நிறுத்திவிட்டது. ஜேர்மன் பெயரோடும் ஜேர்மன் உச்சரிப்போடும் திரிந்த ஷூமன்-ஹைங்க் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. படைமுகாம் முகாமாகப் போய்ச் சிப்பாய்களுக்குப் பாடினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் யுத்தக் கடன் பத்திரங்களுக்கும் பாடிப் பணம் சேர்த்தார். போகும் வழியில் அவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் போன பையன்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதிலுள்ள சங்கடத்தை மறைக்க முடியாது. அவர் பாடி அனுப்பிய பையன்கள் போய்ச் சண்டையிட்டது ஆகஸ்ட் இருந்த பக்கத்தோடு. அவர் பாடிச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு குண்டாகவும் போயிருக்கும். இதை அவர் அறியாதவரல்ல. நீர்மூழ்கிக் கப்பலில் இருந்த மகனையும் அவர் தள்ளிப் பேசவில்லை. தனக்கு இரு பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எல்லோருக்கும் தெரியவே வைத்தார். சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகஸ்ட் திரும்பவில்லை. கப்பலோடு கடலில் போனதால் போய்ப் பார்க்க ஒரு கப்றும் இல்லை.

யுத்தம் முடிந்தபின் அங்கவீனமான சிப்பாய்களுக்காகத் தொடர்ந்து பாடினார். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் போய் நின்றும் பாடியிருக்கிறார்.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமானது. அதற்கு அடுத்த வருடம், 1926 நத்தாருக்கு, அறுபத்தைந்து வயதில் ஷூமன்-ஹைங்க் அமெரிக்க வானொலியில் அந்தப் பாட்டைப் பாடினார். யுத்தத்தில் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் எத்தனையோ அதைக் கேட்டிருக்கும். அடுத்த வருடமும் பாடச் சொன்னார்கள். அதற்கடுத்த வருடமும். 1935 வரை ஒவ்வொரு நத்தாருக்கும் பாடினார். பத்து வருடத்துக்கு முன் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட அதே ஜேர்மன் மொழியிலும் பாடினார். அந்தக் குரல் கேட்காவிட்டால் நத்தார் வந்ததாகக் கணக்கில்லை என்று சொல்கிற அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. மைக்கிரோபோன் வந்தபின் இசைத்தட்டிலும் மறுபடி பதிந்தார். இரண்டையும் டீச்சரிடம் கேட்டேன். பிந்தியதில் வயது தெரிகிறது; மூச்சு முன்னரைப் போல நீளமாக இல்லை. எனக்கு அதுதான் கூடப் பிடித்தது. டீச்சருக்கு முந்தியது.

முதுமையில் ஓய்ந்து உட்கார அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தபோது சேர்த்த பணம் பறந்துவிட்டது. பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் அவர்தான் கொடுத்து வந்தார். அறுபத்தெட்டு வயதில் மறுபடி பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒப்பரா அரங்குகளுக்குப் பதிலாகச் சினிமாக் கொட்டகைகளின் மேடைகளில் பாடப் போனார். பெரிய கலைஞருக்கு இது தகுமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டு வாடகையை யார் கட்டுவது என்பதைச் சுளித்தவர்கள் சொல்லவில்லை. 1932இல் எழுபது வயதில் மெற்றோபொலிற்றன் அரங்கில் கடைசியாகப் பாடினார்: வாக்னரின் சீக்பிரீட் நாடகத்தில், நித்திரையிலிருந்து எழுப்பப்படும் பூமித்தாயின் வேடம். 1935இல் ஒரு திரைப்படத்திலும் நடித்தார்.

1936 நவம்பர் 17ஆம் திகதி, எழுபத்தைந்தாவது வயதில், இரத்தப் புற்றுநோயால் ஹொலிவூட்டில் காலமானார். சான் டியேகோவில் அடக்கம் செய்தார்கள். நத்தாருக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

இதை எழுதி முடித்து டீச்சரிடம் வாசித்துக் காட்டப் போனேன். தன் மகன்மாரைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். பேர் போடவில்லைத்தானே, இருக்கட்டும் என்றார். பிறகு எழுந்து போய் ஒரு தட்டில் கொக்கிஸ் கொண்டுவந்து வைத்தார். வாப்பாவின் வானொலிப் பெட்டி இப்போதும் வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது, ஆனால் மழை நாட்களில் இராமேஸ்வரம் பக்கத்து நிலையங்கள்தான் தெளிவாக எடுக்கிறது என்றேன்.